அரசுக் கொள்கை எப்படி உருவாகிறது என்று சொல்லும் கோட்பாடுகள் நம்ம ஊருக்குப் பொருந்துமா?

பொருந்தும். ஆனால் பாடத்தில் இருக்கிற வரிசையிலேயே படித்தால் பொருந்தாத மாதிரிதான் தெரியும். பொது நிர்வாகத்தை விருப்பப் பாடமாக எடுத்துவிட்டேன், லாஸ்வெல், லிண்ட்புளோம், கிங்டன் என்று பெயர்களை மனப்பாடம் செய்கிறேன், எல்லாம் அமெரிக்காவில் எழுதியது, நம்ம ஆட்சியர் அலுவலகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், எந்த வரிசையில் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோத்தகிரியில் இருக்கிறேன், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியைச் சில வருஷமாக எடுக்கிறேன். அதனால் நீலகிரியை வைத்தே சொல்கிறேன்.

முதலில், ஒரு கொள்கை கடந்து போவதாகப் பாடத்தில் சொல்லும் கட்டங்கள். ஹெரால்டு லாஸ்வெல் 1956இல் முடிவெடுக்கும் முறையை 7 கட்டங்களாகப் பிரித்தார். பின்னால் வந்த பாடநூல்கள் அதைச் சுருக்கி, பிரச்சினையை அடையாளம் காண்பது, தீர்வை வகுப்பது, முடிவெடுப்பது, அமல்படுத்துவது, மதிப்பிடுவது என்று ஆக்கிக்கொண்டன. விடைத்தாளில் தலைப்பு போட வசதியான பட்டியல், அதில் சந்தேகமில்லை. ஒரு விஷயம் ஏன் ஒரே மாதத்தில் அரசாணையாகிறது, இன்னொன்று ஏன் ஐம்பது வருஷம் அசையாமல் கிடக்கிறது என்று கேட்டால் மட்டும் அதில் பதில் கிடைக்காது. என் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்காதீர்கள், எந்த இடத்தில் வைத்து முடிவாகிறது, யார் அதை அங்கே கொண்டுபோனார்கள், யாரால் கொண்டுபோக முடியவில்லை என்று பாருங்கள்.

கூடலூரை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்புப் பாடத்தில் ஐ.ஆர்.கோயல்ஹோ வழக்கு படித்திருப்பீர்கள், சுற்றுச்சூழல் பாடத்தில் கோதவர்மன் வழக்கு படித்திருப்பீர்கள். இரண்டுமே கூடலூர் மண்ணிலிருந்து கிளம்பியவை என்பதை எந்தக் குறிப்பேட்டிலும் சேர்த்து எழுதிப் பார்த்ததில்லை, எனக்கு அது பெரிய வருத்தம். கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம உரிமையில், அதாவது பரம்பரை முழு உடைமையில், இருந்த நிலங்களை எடுத்துக்கொள்ளத் தமிழ்நாடு அரசு 1969இல் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. காட்டு நிலத்தை எடுப்பதை நிலச் சீர்திருத்தம் என்று சொல்ல முடியாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் அந்தப் பகுதியைச் செல்லாது என்று தள்ளியது. நாடாளுமன்றம் 1974இல் சட்டத்தையே அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில், அதாவது நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி சட்டங்களைப் பாதுகாக்கும் பட்டியலில், கொண்டுபோய் வைத்தது. அதை எதிர்த்துப் போன கோயல்ஹோ வழக்குதான் கடைசியில் 9 நீதிபதிகள் அமர்வுக்குப் போய், கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது நாடாளுமன்றமும் மாற்ற முடியாத அரசியலமைப்பின் சாரத்தை, வைத்துச் சோதிக்கலாம் என்று 2007 ஜனவரியில் தீர்ப்பாக வந்தது.

கோதவர்மன் திருமுல்பாடு அதே கோவிலகத்தைச் சேர்ந்தவர். கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்து அவர் 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால உத்தரவு, நிலம் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் காடு காடுதான், மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அங்கே வேறு வேலை நடக்கக் கூடாது என்று நாடு முழுவதற்கும் சொல்லிவிட்டது. வடகிழக்கு மாநிலங்களில் மர ஆலைகள் மூடிக் கிடந்ததெல்லாம் இதன் விளைவு.

பாம்கார்ட்னரும் ஜோன்ஸும் 1993இல் எழுதியதை இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். கொள்கை என்பது நெடுங்காலம் அப்படியே கிடக்கும், திடீரென்று ஒரே பாய்ச்சலில் மாறும் என்கிறார்கள். மாறுவதற்குக் காரணமாக அவர்கள் காட்டுவதில் முக்கியமானவை இரண்டு: ஒரு மேடையில் தோற்றவர்கள் வேறு மேடை தேடிப் போவது, போகிற வழியில் விஷயத்தைப் பற்றிய பார்வையே மாறிவிடுவது. கூடலூரில் நிலத் தகராறாக இருந்தது ஒரு வழக்கில் காட்டுப் பிரச்சினையாகவும் இன்னொன்றில் அரசியலமைப்புப் பிரச்சினையாகவும் ஆகிப்போனது. வருவாய்த் துறை, சட்டமன்றம், நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றம் என்று மேடை மாற மாற, பேசுகிற ஆட்களும் மாறினார்கள்.

அந்த நிலத்தில் குடியிருக்கிறவர்கள் என்ன ஆனார்கள்? இதைக் கேட்காமல் கூடலூர் உதாரணத்தை முடிக்கக் கூடாது. கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில் 'செக்‌ஷன் 17' நிலம் என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும்; அந்த 1969 சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வந்து, உரிமை முடிவாகாமல் கிடக்கிற நிலம். அங்கே பட்டா இல்லாமல் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பங்கள் உண்டு. பட்டா இல்லை என்பதால் மின் இணைப்புக்கு அலைச்சல், வங்கிக் கடன் கிடையாது. என்னிடம் படித்த பெண் ஒருத்தி, பந்தலூர்ப் பக்கம், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். அவள் தாத்தா சேர்த்து வைத்திருந்த மனு ரசீதுகளை ஒரு நாள் வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டினாள். கனமான பிளாஸ்டிக் உறை, அதற்குள் அடியில் இருப்பவை மை மங்கிய கையெழுத்து ரசீதுகள், மேலே வர வரத் தட்டச்சு, அப்புறம் கணினியில் அடித்த எண். வழக்கு நிலுவையில் இருக்கிறது என்ற பதில் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றே.

பக்ராக், பாரட்ஸ் என்ற இரண்டு பேர் 1962இல் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். அதிகாரம் என்றால் முடிவெடுப்பது மட்டுமில்லை, ஒரு விஷயம் முடிவெடுக்கும் இடத்துக்கே வந்து சேராமல் பார்த்துக்கொள்வதும் அதிகாரம்தான் என்பது அதன் சாரம். இதில் யாரோ ஒருவர் உட்கார்ந்து சதி செய்தார் என்று நினைக்க வேண்டியதில்லை. 'நிலுவை' என்று ஒரு பதில் தயாராக இருந்தாலே போதும். இந்தக் குடும்பங்கள் எந்த மேடைக்கும் நேராகப் போய்ச் சேரவில்லை, இரண்டு பெரிய வழக்குகளிலும் இவர்கள் நடுநாயகம் இல்லை. கொள்கையைப் படிக்கிறவர்கள் வந்த ஆணைகளைப் படிக்கிற அளவுக்கு வராத ஆணைகளையும் படிக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது அந்த உறையைப் பார்த்ததிலிருந்துதான்.

சரி, கிங்டனுக்கு வருகிறேன். வாஷிங்டனில் சுகாதாரம், போக்குவரத்து என்ற இரண்டு துறைகளில் புழங்கியவர்களிடம் நான்கு வருஷத்தில் 247 நேர்காணல் எடுத்துவிட்டு, 1984இல் அவர் எழுதியது இது: பிரச்சினைகள் ஒரு ஓட்டம், தீர்வுகள் ஒரு ஓட்டம், அரசியல் ஒரு ஓட்டம். மூன்றும் தனித்தனியே ஓடிக்கொண்டிருக்கும், எப்போதாவது சேரும், சேர்கிற அந்த நேரம்தான் கொள்கைச் சாளரம். பிரச்சினை வந்த பிறகு தீர்வு தேடுகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம், பெரும்பாலும் தீர்வுதான் முன்னாலேயே வந்து காத்திருக்கிறது. நெகிழிக்கு நடந்தது அப்படித்தான். 2000-ஆம் ஆண்டு வாக்கில் இங்கே ஆட்சியராக இருந்த சுப்ரியா சாஹு 'ஆபரேஷன் ப்ளூ மவுண்டன்' என்று ஆரம்பித்து, மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை கொண்டுவந்தார். மாநிலத்தில் மற்ற இடங்களில் அது பேச்சாகக்கூட இல்லாத காலம். 2018இல் உலகச் சுற்றுச்சூழல் தினத்தை இந்தியா நடத்தியது, அந்த வருஷத்துக் கருப்பொருளே நெகிழி மாசுதான். அதே ஜூன் 5 அன்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் தடையை அறிவித்தார், 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பொருட்களுக்கு மாநிலம் முழுக்கத் தடை வந்தது. அப்புறம் ஆட்சி மாறியது. 2021இல் சாஹு சுற்றுச்சூழல் துறைச் செயலாளராக வந்தார், அந்த டிசம்பரில் நெகிழிப் பைக்குப் பதில் துணிப்பை என்ற 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. ஒரு தீர்வைக் கையில் வைத்துக்கொண்டு வாய்ப்புக்காகக் காத்திருப்பவரைக் கிங்டன் கொள்கைத் தொழில்முனைவோர் என்கிறார். தேர்வில் உதாரணம் கேட்டால் இதை எழுதுங்கள்.

ஆணை வந்ததோடு கதை முடிவதில்லை என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் டாஸ்மாக் பத்து ரூபாய். குடித்துவிட்டுக் காட்டில் எறியும் பாட்டில் உடைந்து யானைக் காலைக் கிழிக்கிறது என்ற விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், அதன் பேரில் 2022 மே மாதம் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் திட்டம் வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாகப் போனது. காகிதத்தில் இரண்டு வரித் திட்டம். கடையில் நின்று பார்த்தால் தெரியும். பாட்டிலில் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தால்தான் பணம். இங்கே மழைக்காலத்தில் தேயிலைத் தோட்ட ஓரத்திலும் ஓடையிலும் கிடக்கும் பாட்டிலில் ஸ்டிக்கர் ஊறிக் கழன்றுபோகும். சாக்கில் பொறுக்கிக்கொண்டு வரும் வயதான அம்மாவிடம் ஸ்டிக்கர் இல்லாததை வாங்குவதா, திருப்பி அனுப்புவதா? பின்னால் ஆட்கள் நெருக்குகிறார்கள், உள்ளே காலி பாட்டில் அடுக்க இடமில்லை, எண்ணுவதற்குத் தனி ஆள் இல்லை. அந்த நிமிஷத்தில் விற்பனையாளர் என்ன செய்கிறாரோ அதுதான் அன்றைக்கு, அந்த அம்மாவுக்கு, அரசின் கொள்கை. மைக்கேல் லிப்ஸ்கி 1980இல் ஆசிரியர், போலீஸ், நலத்துறை ஊழியர்களை வைத்துச் சொன்னது இதையேதான். திட்டம் பரவிய இடங்களில் வேலைப்பளு என்று ஊழியர் சங்கங்கள் எதிர்த்தது லிப்ஸ்கியைப் படித்தவருக்கு ஆச்சரியமாக இருக்காது. அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆள் கொடுக்காமல் வேலை மட்டும் கொடுத்தால், அதைக் குறைத்துக்கொள்ள அவர்கள் ஏதாவது வழி கண்டுபிடிப்பார்கள்.

இதோடு பிரெஸ்மன், வில்டாவ்ஸ்கி இருவரும் 1973இல் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரத்தைப் பற்றிப் போட்ட கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1966இல் சுமார் 23 மில்லியன் டாலர், 3,000 வேலைகள் என்று அறிவித்த திட்டம், சில வருஷம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் நடக்கவே இல்லை. யாரும் அதை எதிர்க்கவும் இல்லை. 30 முடிவெடுக்கும் இடங்கள், 70 ஒப்புதல்கள் தேவைப்பட்டன என்று எண்ணினார்கள். ஒவ்வொரு ஒப்புதலும் கிடைக்க 99 சதவீத வாய்ப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள், 0.99-ஐ 70 முறை பெருக்கினால் பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும். கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள். வகுப்பில் எல்லோரும் நிமிர்ந்து உட்காரும் இடம் அது.

லிண்ட்புளோமுக்கு, மலைக்கு வரும் வண்டிகள் வாங்க வேண்டிய இ-பாஸ் உதாரணமே போதும். பெரிய திட்டம் போட்டு அடியோடு மாற்றுவதைவிட, இருப்பதிலிருந்து சின்னச் சின்ன அடியாக நகர்வதுதான் நிர்வாகத்தின் நிஜம் என்று அவர் 1959இல் எழுதினார். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவால் இ-பாஸ் வந்தபோது எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, யார் கேட்டாலும் கிடைக்கும். அடுத்த வருஷம் ஏப்ரலில்தான் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பு வந்தது. மலை எத்தனை வண்டியைத் தாங்கும் என்று ஐஐடி, ஐஐஎம் ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே இந்த எண்கள் வந்துவிட்டன. எல்லாத் தகவலும் கைக்கு வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை, போதும் என்று தோன்றுவதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஹெர்பர்ட் சைமன் சொன்னதும் இதற்குள் அடங்கிவிடும். ஒரே நம்பிக்கை உள்ளவர்கள் கூட்டணியாகச் சேர்ந்து எதிர்க் கூட்டணியோடு நெடுநாள் மோதுவதால்தான் கொள்கை மாறுகிறது என்பவர் சபாடியர்; அதற்கு நீலகிரியின் சீகூர் யானை வழித்தடம் உதாரணம்: வழித்தடத்தை அறிவித்த 2010 அரசாணை, அதை உறுதிசெய்த 2011 உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கொள்கை மாற்றத்தைப் பார்க்கப் பத்தாண்டாவது வேண்டும் என்று அவர் சொல்லும் கால அளவுக்கு அப்படியே பொருந்துகிறது, வழித்தடம் வேண்டும் என்றவர்கள், அங்கே விடுதி வைத்திருந்தவர்கள் என்ற இரண்டு பக்கத்துக்காரர்களும் கடைசிவரை தங்கள் அடிப்படை நம்பிக்கையை விடவில்லை.

அமெரிக்காவில் எழுதியது என்ற உங்கள் குறையில் ஒன்று மட்டும் உண்மை. கிங்டனின் முதன்மை ஆட்கள் அதிபரும் நாடாளுமன்றமும்தான். நம்ம ஊரில் அந்த மூன்று ஓட்டத்தையும் ஒன்றாக இழுத்துக் கட்டுவது அடிக்கடி உயர் நீதிமன்றமாக இருக்கிறது. பத்து ரூபாய் பாட்டில், இ-பாஸ், யானை வழித்தடம் எல்லாவற்றிலும் பார்த்தீர்கள். இது நல்லதா என்று எனக்கு இரண்டு மனசு உண்டு: காட்டுக்கு அதனால் நிச்சயம் லாபம், வழக்கறிஞர் வைக்க முடியாதவருக்கு அந்த மேடை தூரம். விடையில் இதை எழுதினால் கோட்பாட்டைப் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரியும்.

படிக்கும் வரிசை கேட்டீர்கள். லிப்ஸ்கியில் ஆரம்பியுங்கள், அப்புறம் கிங்டன், அப்புறம் பாம்கார்ட்னரும் ஜோன்ஸும், அவர்களோடு சேர்த்து பக்ராக், பாரட்ஸ். லாஸ்வெல்லைக் கடைசியில் அரை நாளில் முடித்துவிடலாம். கூடவே உங்கள் தாலுகாவில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்து, அதன் அரசாணை, நீதிமன்ற உத்தரவு, உள்ளாட்சித் தீர்மானம் மூன்றையும் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள், கிடைக்காததைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எந்த ஊர், என்ன விஷயம் என்று கீழே எழுதினால் எந்தக் கோட்பாட்டை அதில் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.