சண்டையே போடாதவருக்கு ஏன் கழுத்து வலிக்கிறது?

கேள்வி: திருமணமாகி 11 ஆண்டுகள். மனைவி கோபப்பட்டால் நான் வாயே திறக்க மாட்டேன், சண்டை வளரக் கூடாதே என்றுதான். சில சமயம் மூன்று நாள்கூடப் பேசாமல் இருந்திருக்கிறேன். அதற்கும் அவளுக்குக் கோபம் ஏறுகிறது. ஒரு வருடமாகக் கழுத்தும் முதுகும் பிடித்துக்கொண்டு வலிக்கின்றன, தூக்கமும் சரியில்லை. பரிசோதனைகள் எல்லாம் நார்மல். மன அழுத்தம் என்கிறார் டாக்டர். சண்டையே போடாத எனக்கு என்ன மன அழுத்தம்?

பதில்: நீங்களும் சண்டை போடுகிறீர்கள் சார், சத்தம் வராமல் போடுகிறீர்கள்.

அடுத்த முறை மனைவி குரலை உயர்த்தும்போது உங்கள் நாடியைத் தொட்டுப் பாருங்கள். முகம் கல் மாதிரி இருக்கும். நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கலாம். தாடை இறுகும், தோள் மேலேறும். அந்த நிலையில் எதிரே இருப்பவர் சொல்வது காதில் விழும், மனதில் ஏறாது.

அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ராபர்ட் லெவன்சன் குழுவினர், தம்பதிகள் வாக்குவாதம் செய்வதைப் படம்பிடித்து, 20 ஆண்டுகள் அவர்களுடைய உடல்நிலையைக் கவனித்து வந்தார்கள். 2016-ல் முடிவு வெளியானது. கோபத்தைக் கொட்டியவர்களுக்குப் பின்னாளில் இதயம், ரத்த அழுத்தம் தொடர்பான தொந்தரவுகள் அதிகம். வாயை மூடி இறுகிப்போய் உட்கார்ந்தவர்களுக்கு முதுகுவலி, கழுத்துப் பிடிப்பு. கணவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. உங்கள் வலிக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது.

உங்கள் மனைவியின் உடம்பும் சும்மா இருக்காது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 42 தம்பதிகளை வைத்துச் செய்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், வெறுப்போடு பேசிக்கொண்டவர்களுக்கு, ஆய்வுக்காக உண்டாக்கிய சின்னக் கொப்புளக் காயம் ஆறவே கூடுதல் நாள் ஆனது.

‘எவ்வளவு பொறுமையானவர்’ என்று ஊரே உங்களைப் பாராட்டியிருக்கும். எனக்கென்னவோ அந்தப் பாராட்டுதான் உங்களைக் கெடுத்தது என்று தோன்றுகிறது. நீங்கள் ஒதுங்க ஒதுங்க அவர் துரத்துகிறார். அவர் துரத்தத் துரத்த நீங்கள் ஒதுங்குகிறீர்கள். யார் முதலில் ஆரம்பித்தது என்று தேடினால் விடியாது.

ஒதுங்குவதே தப்பு என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஒதுங்குங்கள். “இப்ப என்னால பேச முடியலை, அரை மணி நேரத்துல வர்றேன்.” படபடப்பு அடங்க இருபது நிமிடமாவது பிடிக்கும். அந்த நேரத்தில் பதிலடிக்கு ஒத்திகை பார்த்தால் அடங்காது. கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். சொன்ன நேரத்துக்கு நீங்களாகத் திரும்பி வரவேண்டும், அவர் வந்து கூப்பிடும்படி வைக்காதீர்கள். மூன்று நாள் மௌனம் உங்களுக்கு அமைதி, அவருக்குத் தண்டனை.

வலிக்கான சிகிச்சையை நிறுத்தவேண்டாம். இரண்டு மாதத்திலும் மாற்றமில்லை என்றால் இருவரும் சேர்ந்து ஓர் ஆலோசகரைப் பாருங்கள்.

ஒன்று மட்டும். முதல் தடவை நீங்கள் திரும்பி வரும்போது அவருக்குக் கோபம் தணிந்திருக்காது. “இப்பதான் வர வழி தெரிஞ்சுதா?” என்றுகூடக் கேட்பார். அப்போது எழுந்து போய்விடாதீர்கள்.