"நாங்கள்தான் செய்தோம்" என்று அறிக்கை வந்தால் நம்பலாமா?

யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையின் இரவுச் செய்தி மேசையில் 22 வருடம் இருந்தவன் நான். குண்டு வெடித்த பிறகு வரும் அறிக்கை, துண்டுப்பிரசுரம், தொலைபேசி அழைப்பு இவற்றைப் போடுவதா விடுவதா என்று முடிவெடுப்பதிலேயே பல இரவுகள் போயிருக்கின்றன. தாக்குதல்களுக்கு உரிமை கோருவது பற்றிக் கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவி): அண்ணை, கொலைப்பழியைத் தானே வந்து ஏற்கிறவன் ஏன் பொய் சொல்லப் போகிறான்? எனக்கு அது விளங்கவேயில்லை.

உங்களுக்கும் எனக்கும் அது பழி தங்கச்சி, அவர்களுக்கு அது பெயர். 2003 ஓகஸ்டில் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் பெரிய மின்தடை வந்தது. மின்கம்பிகளில் தொடங்கிய கோளாறு அது, ஆனாலும் அல்கைதாவைச் சேர்ந்தது என்று சொல்லிக்கொண்ட அபூ ஹஃப்ஸ் அல் மஸ்ரி படையணி என்ற பெயரில் "நாங்கள்தான் செய்தோம்" என்று அறிக்கை வந்தது. 2017 ஜூனில் மணிலாவில் ஒரு சூதாட்ட விடுதிக்குள் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து மேசைகளுக்குப் பெற்றோல் ஊற்றித் தீ வைத்தான், புகையில் மூச்சடைத்து 30 பேருக்கு மேல் செத்தார்கள். ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு என்று தன்னை அழைக்கும் ஆயுத இயக்கம்) உரிமை கோரியது. விசாரித்தால், அவன் சூதாடிக் கடனில் மூழ்கிப்போன ஆள். அதே வருடம் ஒக்டோபரில் லாஸ் வேகாஸ் இசை நிகழ்ச்சியில் சுட்டவனையும் தங்கள் ஆள், மதம் மாறியவன் என்று அறிவித்தார்கள். எஃப்.பி.ஐ.க்கு அப்படி எந்தத் தொடர்பும் கிடைக்கவில்லை.

அப்போது ஈராக்கிலும் சிரியாவிலும் அவர்கள் நிலம் இழந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தோற்றுக்கொண்டிருப்பவனுக்கு உலகத்தின் மறுமூலையில் நடந்த சாவும் விளம்பரம்.

கேள்வி (மானிப்பாய்): அப்படியென்றால் உண்மையான உரிமை கோரலை எப்படிப் பிடிப்பது?

செய்தவனுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது அதில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் அதுதான். அயர்லாந்தில் பிரித்தானியாவுக்கு எதிராகப் போராடிய ஐ.ஆர்.ஏ. காலத்தில் தொலைபேசியில் எச்சரிப்பவர் ஒரு இரகசியச் சொல்லையும் சொல்வார். அந்தச் சொல் பொருந்தினால்தான் அழைப்பு உண்மையானது என்று எடுத்துக்கொள்வார்கள். 2024 மார்ச்சில் மொஸ்கோவில் கச்சேரி மண்டபத்தைத் தாக்கிய பிறகு, தாக்கியவர்களே உள்ளே நின்று எடுத்த காணொளியை ஐ.எஸ். வெளியிட்டது. அதை வெளியாள் எடுத்திருக்க முடியாது.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2006 தொடக்கம். காலை பத்து மணியிருக்கும், அலுவலகக் கதவுக்குக் கீழால் ஒரு தாள் தள்ளப்பட்டிருந்தது. அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாள், நாலாக மடித்து, நீலப் பேனையால் கோணல் எழுத்து. முதல் நாள் மாலை சுடப்பட்ட ஒரு பெடியனின் பெயரைப் போட்டு, "கோப்பாய்ச் சந்தியில் துரோகிக்கு மரணதண்டனை வழங்கினோம்" என்று நாங்கள் கேள்விப்படாத ஒரு பெயரில் எழுதியிருந்தது. ஆனால் பெடியன் கிடந்தது இருபாலையில் ஒரு ஒழுங்கைக்குள், எங்கள் செய்தியாளர் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கோப்பாய்ச் சந்தி என்று பிழையாகச் சொன்னது காலை வானொலிச் செய்தி. எழுதியவர் சம்பவத்தை அறிந்தது வானொலியில்தான் என்று அந்த ஒரு சொல் காட்டிக்கொடுத்தது. நாங்கள் அதைப் போடவில்லை.

அடுத்த நாள் அதே வாசகம் கோதுமைமாப் பசையில் விளக்குக் கம்பங்களில் ஒட்டியிருந்தது. பெடியனின் தாய் அலுவலகத்துக்கு வந்தா. "என்ர பிள்ளையைத் துரோகி எண்டு எழுதி ஒட்டியிருக்கு தம்பி, நீங்களும் போடப்போறியளோ?" என்று கேட்டா. இல்லையம்மா என்று சொன்னேன். பொய்யான உரிமை கோரல் செத்தவனை இரண்டாம் தரமும் கொல்லும் என்று நான் விளங்கிக்கொண்டது அன்றைக்குத்தான்.

கேள்வி (குருநகர்): உயிர்த்த ஞாயிறு தாக்குதலை ஐ.எஸ். செய்ததென்பதே சந்தேகம் என்கிறார்கள். ஐயா என்ன நினைக்கிறீர்கள்?

இதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று கலந்துபோய்விட்டன, பிரித்துப் பார்ப்போம். தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது 2019 ஏப்ரல் 21. ஐ.எஸ். உரிமை கோரியது 23ஆம் திகதி, இரண்டு நாள் கழித்து. வெறும் அறிக்கை என்றால் நானும் தள்ளி வைத்திருப்பேன். ஆனால் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஸஹ்ரான் முகத்தை மூடாமலும் மற்றவர்கள் முகத்தை மூடியும் நின்று ஐ.எஸ். தலைவர் பக்தாதிக்கு விசுவாசம் தெரிவிக்கும் காணொளியும் வந்தது. அது தாக்குதலுக்கு முன்பே எடுக்கப்பட்டது. ஆகவே தொடர்பு ஏதோ ஒரு வகையில் இருந்தது.

காரணம் என்ன என்பது வேறு விடயம். அதே 23ஆம் திகதி பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் ருவான் விஜேவர்தன, இது நியூசிலாந்து கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல் கொலைகளுக்குப் பழிவாங்கல் என்று பாராளுமன்றத்தில் சொன்னார். ஐ.எஸ். அறிக்கையில் கிறைஸ்ட்சேர்ச் பேச்சே இல்லை. ஏப்ரல் 29இல் பக்தாதி தோன்றி, சிரியாவில் தங்கள் கையில் கடைசியாக இருந்த பாகூஸ் விழுந்ததற்குப் பழி என்றார். செய்ததற்கான காரணத்தைப் பிறகு வந்து ஒட்டுவது இவர்களின் வழக்கம், அதை அப்படியே நம்பத் தேவையில்லை.

அடுத்தது, தெரிந்தும் தடுக்காமல் விட்டவர்கள் யார் என்ற கேள்வி. இந்தியாவிலிருந்து முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தது. தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்டவேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. பின்னால் வேறு கை இருந்ததா என்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் கேட்பது முழுக்க நியாயம். ஐ.எஸ். அறிக்கையைக் காட்டி அந்தக் கேள்வியை மூடிவிட முடியாது. அதற்காகக் காணொளியே பொய் என்று சொல்லவும் கூடாது.

கேள்வி (வல்வெட்டித்துறை): எங்கட பக்கத்திலும் கனக்கத் தாக்குதல்களுக்கு உரிமை கோரவில்லையே. அது ஏன்?

எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1978 ஏப்ரலில் புலிகள் ஒரு கடிதம் விட்டார்கள், வீரகேசரியில் வந்தது. 1975 ஜூலையில் பொன்னாலையில் சுடப்பட்ட யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா உட்படப் பல கொலைகளுக்கு அதில் உரிமை கோரினார்கள். வேறு யாரும் இவற்றுக்கு உரிமை கோரக்கூடாது என்ற எச்சரிக்கையும் இருந்தது. அந்த நேரத்தில் பெயர் எடுப்பது அவ்வளவு முக்கியம். அடுத்த மாதமே புலிகளைத் தடைசெய்யும் சட்டம் வந்தது.

பிறகு நிலைமை மாறிவிட்டது. வெளிநாட்டில் ஆதரவு வேண்டும், பேச்சுவார்த்தை மேசையும் வேண்டும் என்றால் பொதுமக்கள் செத்த இடத்தில் கையெழுத்து வைக்க முடியாது. 1991 மே 21 ராஜீவ் காந்தி கொலையை முதலில் மறுத்தார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் மாநாட்டில் பிரபாகரன் "துன்பியல் சம்பவம்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். ஏற்பும் இல்லை, மறுப்பும் இல்லை. 2005 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் இராணுவத்தினர் மீது கிளைமோர் கண்ணிவெடித் தாக்குதல்கள் தொடங்கியபோது "பொங்கியெழும் மக்கள் படை" என்ற பெயரில் அறிக்கைகள் வந்ததும், எங்களுக்குத் தொடர்பில்லை என்று புலிகள் சொன்னதும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். வெள்ளை வானில் வந்து ஆட்களைக் கடத்தியவர்களும் தலைக்கவசத்தோடு மோட்டார்சைக்கிளில் வந்து சுட்டவர்களும் ஒருநாளும் உரிமை கோரவில்லை. "இனந்தெரியாத ஆயுததாரிகள்" என்று எத்தனை தரம் நான் தலைப்புப் போட்டேனோ, கணக்கில்லை. தெருவில் எல்லாருக்கும் தெரிந்ததை நாங்கள் தெரியாது என்று அச்சடித்தோம். அது இன்றைக்கும் என்னை வருத்துகிறது.

கேள்வி (சுன்னாகம்): உரிமை கோரிவிட்டுப் பிறகு இல்லை என்று சொல்ல முடியுமா?

முடியும். 2025 ஏப்ரல் 22 காஷ்மீரின் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டபோது ரி.ஆர்.எப். என்ற ஆயுத அமைப்பின் பெயரில் உரிமை கோரல் வந்தது, சில நாளில் தங்கள் தளத்துக்குள் யாரோ ஊடுருவிப் போட்டுவிட்டார்கள் என்று மறுத்தார்கள். நெருக்குதல் கூடியபின் வரும் மறுப்புக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. தலைகீழாகவும் நடக்கும், அமெரிக்காவில் நடந்த செப்டெம்பர் 11 தாக்குதலைப் பின்லாடன் 2001 செப்டெம்பரில் மறுத்தார், 2004 ஒக்டோபரில் ஏற்றார்.

கேள்வி (நல்லூர்): உரிமை கோராவிட்டாலும் அரசாங்கம்தான் சொல்லிவிடுமே?

ஸ்பெயினின் மட்ரிட்டைப் பாருங்கள். 2004 மார்ச் 11 ரயில் குண்டுகளில் 190க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், மூன்று நாளில் தேர்தல். அரசாங்கம், பாஸ்க் பிரிவினை இயக்கமான ஈ.ரி.ஏ.தான் செய்தது என்று பிடிவாதமாக நின்றது. அன்று மாலையே இலண்டனில் ஒரு அரபுப் பத்திரிகைக்கு வேறொரு உரிமை கோரல் போனது, அனுப்பியது மேலே சொன்ன மின்தடைக்காரர்கள். அந்தப் பெயரை யார்தான் நம்புவார்கள்? ஆனால் கடைசியில் இஸ்லாமியத் தீவிரவாதிகள் என்ற திசைதான் சரி என்று வந்தது. பொய்யர் சொன்னதாலேயே விடயம் பொய்யாகாது, அரசாங்கம் சொன்னதாலேயே உண்மையாகவும் ஆகாது.

கேள்வி (ஊர் சொல்ல விரும்பவில்லை): 2007இல் அப்பாவைச் சுட்டார்கள். யாரும் உரிமை கோரவில்லை. உங்கள் பத்திரிகையிலும் "இனந்தெரியாதோர்" என்றுதான் வந்தது. நான் இப்போது எங்கே போய்க் கேட்பது?

பிள்ளை, அந்தத் தலைப்பை நானே போட்டிருக்கக்கூடும். உலகத்தில் பெரும்பாலான தாக்குதல்களுக்கு யாரும் உரிமை கோருவதில்லை, ஆனால் அதைக் கேட்டு உங்களுக்கு என்ன ஆறுதல் வரப்போகிறது. முதலில் மரண விசாரணை அறிக்கையின் பிரதியை நீதிமன்றத்தில் எழுத்தில் கேளுங்கள், ஒரு சட்டத்தரணியோடு போங்கள். முதலில் வந்து பார்த்த அயலவர்கள் உயிரோடு இருந்தால், அவர்கள் சொல்வதைத் திகதி போட்டு எழுதி வையுங்கள். 2007 பத்திரிகைகள் என் வீட்டில் கட்டாகக் கிடக்கின்றன. நாளையும் இடத்தையும் எனக்கு மட்டும் எழுதுங்கள், அந்தக் கிழமை முழுவதையும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.