மூன்றாவது ஒப்படையை எழுதாமல் விட்ட தங்கச்சிக்கு

"அக்கா, எனக்கு 29 வயது, விசுவமடுப் பக்கம். மகனுக்கு நாலரை. அவர் விபத்தில் போய் மூன்று வருஷம். காலையில் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன், மகனும் என்னோடுதான் வருவான். பள்ளிக்கூட ரீச்சராக வர வேண்டுமென்று போன வருஷம் திறந்த பல்கலைக்கழகத்தில் கலைப் பட்டத்துக்குப் பதிந்தேன். இரவில் அவன் படுத்த பிறகுதான் படிப்பு. இரண்டு ஒப்படை கொடுத்தேன், மூன்றாவது நேரம் அவனுக்குக் காய்ச்சல், எழுதவில்லை. டே ஸ்கூலுக்கு, அதுதான் நேரில் போய் இருக்கிற வகுப்புக்கு, யாழ்ப்பாணம் போனால் திரும்பி வர இருட்டிவிடும். 'பிள்ளையை வளர்க்கிற வேலையைப் பார்' என்கிறா மாமி. இப்போது நிறுத்திவிட்டு, அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் தொடரலாமா?"
— வாசகி, விசுவமடு

நிறுத்த வேண்டாம் தங்கச்சி. குறையுங்கள். ஐந்து பாடத்துக்குப் பதிந்திருந்தால் அடுத்த தடவை மூன்றுக்குப் பதியுங்கள், மூன்றும் அதிகமாகத் தெரிந்தால் இரண்டு. திறந்த பல்கலைக்கழகத்தின் வசதியே அதுதானே, வேலையும் வீடும் பார்க்கிற ஆட்களுக்கென்று வந்த படிப்பு அது, எல்லோரோடும் ஒன்றாக ஓடி முடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

மகன் பள்ளிக்கூடம் போனதும் நேரம் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள், அங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. இப்போது அவன் உங்களோடு வந்து உங்களோடு திரும்புகிறான். முதலாம் தரத்துக்குப் போனால் ஏழரைக்கு அவனை ஒரு இடத்தில் விட வேண்டும், பதினொன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டுவிடும், நீங்கள் முன்பள்ளியைப் பூட்டிவிட்டு ஓட வேண்டும். பின்னேரம் அவனுடைய எழுத்து வேலை. அந்த வருஷம் உங்களுக்கு நேரம் கூடாது, குறையும். நான் பட்டு அறிந்தது.

அப்புறம் வயது. அரசாங்க ஆசிரியர் சேவையின் விதிகளைச் சொல்லுகிற பிரமாணக் குறிப்பில் பட்டதாரிகளைச் சேர்க்க வயதெல்லை 35 என்று இருக்கிறது. சில தடவை கூட்டி எடுத்திருக்கிறார்கள்தான், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. உங்களுக்கு 29. மூன்று வருஷப் பட்டத்தை மெல்ல ஓட்டினால் 33இல் முடிப்பீர்கள், பிறகு மாகாணம் விண்ணப்பம் கோர வேண்டும், போட்டிப் பரீட்சை, நேர்முகம். மிச்சம் ஒன்றிரண்டு வருஷம் கையில் இருக்கிறது. அந்த மிச்சத்தை இப்போதே நிறுத்திச் செலவழித்தால் பிறகு காய்ச்சலுக்குக்கூட ஒரு வருஷம் இருக்காது.

உறவுக்காரர் யாராவது "வவுனியா கல்வியியற் கல்லூரிக்குப் போயிருக்கலாமே" என்று சொல்லுவார்கள், கேட்டு மனம் நோக வேண்டாம். அது விடுதியில் தங்கிப் படிக்கிற படிப்பு, வயதுக்கும் திருமணத்துக்கும் நிபந்தனை வைத்துத்தான் வர்த்தமானி வரும். கோப்பாய் ஆசிரியர் கலாசாலை ஏற்கெனவே ஆசிரியர் நியமனம் கிடைத்தவர்களுக்கு. முன்பள்ளியிலேயே இருந்துவிடலாமே என்றால், அந்த வேலையில் எனக்குப் பெரிய மரியாதை, ஆனால் முன்பள்ளி ரீச்சர்மார் ஆசிரியர் சேவைக்குள் இல்லை, வன்னியில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் போனவர்களுக்கு ஒரு சம்பளம் மற்றவர்களுக்கு ஒரு கொடுப்பனவு என்று நடந்த கூத்தையும் பார்த்தோம். ஆகவே நீங்கள் பிடித்த வழி சரியான வழிதான்.

இரவுப் படிப்பை விடுங்கள். நானும் ரீச்சர்மாருக்கான பட்டப்பின் கல்வி டிப்ளோமா படிக்கும்போது மகளைப் படுக்கவைத்துவிட்டு ஒன்பதரைக்கு மொட்யூலைத் திறப்பேன், ஒரே பந்தியை நாலு தடவை வாசித்துவிட்டு மேசையிலேயே தூங்கிப்போவேன், விடிய எழும்பிப் பார்த்தால் எதுவும் மனதில் இல்லை, கழுத்து நோ மட்டும் இருக்கும். பிறகு எட்டரைக்கு மகளோடு சேர்ந்து நானும் படுத்து நாலு மணிக்கு எழும்பத் தொடங்கினேன். ஒன்றரை மணித்தியாலம்தான், ஆனால் அது முழு நேரம். மகன் இடையில் எழும்பி வந்தால் விரட்ட வேண்டாம், மடியில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், அவனுக்கும் ஒரு பழைய கொப்பி கொடுங்கள்.

மாமியின் கதைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மாமி கெட்டவவாகத் தெரியவில்லை, பயந்த மனுஷியாகத் தெரிகிறா. மகனை இழந்த தாய், பேரன்தான் மிச்சம். அதோடு எங்கள் ஊரில் புருஷன் இல்லாத பெண் விடிய பஸ் ஏறி இருட்டித் திரும்பினால் நாலு வாய் எட்டுக் கதை சொல்லும், அதுவும் அவவின் காதுக்குத்தான் முதலில் வரும். "படிக்கப் போகிறேன், பிள்ளையைப் பாருங்கள்" என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் எத்தனை வருஷத்துக்கு என்று யாருக்கும் பயம் வரும். டே ஸ்கூல், பரீட்சைத் திகதிகள் எல்லாம் முன்கூட்டியே தருகிறார்கள் அல்லவா, அவற்றைச் சுவரில் உள்ள கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போடுங்கள். எண்ணிப் பார்த்தால் வருஷத்தில் அத்தனை நாள் இராது. "இந்த நாட்களுக்கு மட்டும் மாமி" என்று கேளுங்கள். கச்சான் பிடுங்குகிற நேரமோ வயல் வெட்டோ வந்து மாமிக்கு வேலை இருக்கிற நாட்களையும் அதே கலண்டரில் அவவையே சொல்லவைத்துக் குறியுங்கள், அந்த நாட்களுக்கு முன்பள்ளியில் உங்களோடு நிற்கிற ரீச்சரைக் கேட்கலாம். அவவுக்கு நீங்கள் திருப்பி ஒரு நாள் கொடுங்கள். இரவல் வாங்கினால் திருப்பிக் கொடுக்கிற மாதிரித்தான்.

இன்னொன்றும் செய்யலாம். ஒரு டே ஸ்கூலுக்கு மாமியையும் மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். பரந்தனில் பஸ் மாறி யாழ்ப்பாணம் போய், நீங்கள் கொக்குவிலில் உள்ள பல்கலைக்கழக நிலையத்தில் வகுப்பில் இருக்க அவர்கள் நல்லூரில் கும்பிட்டுவிட்டு வரட்டும். நீங்கள் எங்கே போகிறீர்கள், யாரோடு இருக்கிறீர்கள் என்று மாமி ஒரு தடவை கண்ணால் கண்டால் ஊருக்குப் பதில் அவவே சொல்லுவா.

மூன்றாவது ஒப்படை போனது போனதுதான், ஆனால் பேசாமல் இருக்க வேண்டாம். ஒப்படைப் புள்ளிகளும் சேர்கிற தொடர் மதிப்பீட்டில் தகுதி வராவிட்டால் அந்தப் பாடத்தின் இறுதிப் பரீட்சைக்கு இருக்க விட மாட்டார்கள். கொடுத்த இரண்டோடு எங்கே நிற்கிறீர்கள் என்று பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய நிலையத்துக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். எங்களுக்கு ஒரு பழக்கம், பிள்ளையைக் காரணம் சொல்ல வெட்கப்படுவோம். எனக்குக் கற்பித்தல் பயிற்சி பார்க்க மேற்பார்வையாளர் வருகிற நாளில் மகளைப் பார்க்கிற ஆள் வரவில்லை, வேறு வழியில்லாமல் கடைசி வாங்கில் இருத்திவிட்டுத் தரம் ஆறுக்குப் பாடம் தொடங்கினேன். பாதியில் எழும்பி "அம்மா சலம்" என்று கத்தினாள் பாருங்கள், வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நான் வெலவெலத்துப்போய் நிற்க, மேற்பார்வைக்கு வந்தவ எழும்பி அவளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டா. திரும்பி வந்து "நீங்கள் நடத்துங்கோ" என்று மட்டும் சொன்னா. புள்ளியும் குறையவில்லை.

நீங்கள் என்ன பாடங்கள் எடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை, எனக்கு அதுதான் இப்போது யோசனை. பட்டதாரி ஆசிரியர்களைப் பாடவாரியாகத்தான் எடுப்பார்கள். அடுத்த பதிவுக்கு முன் முன்பள்ளி முடிந்த ஒரு நாளில் வலயக் கல்விப் பணிமனைக்குப் போய், உங்கள் பாடங்களோடு எந்தப் பாட ஆசிரியராக விண்ணப்பிக்கலாம் என்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.