பிரசவத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்கக் கூடாதா?

கேள்வி: எனக்கு வயது 27. முதல் பிரசவம், இப்போது 33 வாரம். திருப்பூரில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வளைகாப்பு முடிந்து விருதுநகர் பக்கம் உள்ள அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். குழந்தை பிறந்ததும் 40 நாள் பத்தியம், நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர்தான், காய் பழம் கூடாது, வயிற்றை இறுக்கிக் கட்ட வேண்டும், நடமாடக் கூடாது என்கிறார் அம்மா. என் அக்கா இதையெல்லாம் அப்படியே செய்தாள். ஆனால் இரண்டு மாதம் அழுதுகொண்டே இருந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. எனக்கும் அப்படி ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. இப்போதே நான் எதையெல்லாம் தயார் செய்துகொள்ள வேண்டும்?

பதில்: தண்ணீரில் இருந்தே தொடங்குகிறேன். உங்கள் அம்மா சொன்னதில் என்னால் கொஞ்சமும் ஏற்க முடியாதது அதுதான். தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், தையலில் சீழ் பிடிக்கும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். பால் நன்றாக ஊறத் தொடங்கிய பிறகு, அதன் வழியாக மட்டும் தினமும் முக்கால் லிட்டர் அளவுக்கு உடம்பிலிருந்து போகும். குடிக்காமல் இருந்தால் மலம் இறுகும், தையலோடு முக்க வேண்டிவரும், சிறுநீர்த் தொற்றும் வரலாம். இன்னொன்று, பிரசவத்தை ஒட்டி ரத்தம் எளிதில் உறையும் தன்மையில் இருக்கும். ரத்தப்போக்கை நிறுத்த உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அந்த நேரத்தில் தண்ணீரையும் குறைத்து, படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டிக்கொண்டு, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விடலாம். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து. அதனால் ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு டம்ளர் இருக்கட்டும். வெந்நீர்தான் தருவேன், சீரகத் தண்ணீர்தான் தருவேன் என்றால் சரி, அதையே வாங்கிக் குடியுங்கள்.

பத்தியச் சாப்பாட்டை நான் குறை சொல்லமாட்டேன். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, மிளகு ரசம் எல்லாம் நல்ல உணவு. சுறாவில் புரதம் இருக்கிறது. சிக்கல், எதை விலக்குகிறார்கள் என்பதில்தான். பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்தில் தாய்க்கு வழக்கத்தைவிட நாளைக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கு. வெறும் ரசம் சோற்றிலும் சுட்ட அப்பளத்திலும் அது கிடைக்காது. காய், பழம், பருப்பு, முட்டை எல்லாமே சாப்பிடலாம். பிரசவ லேகியம் நெல்லிக்காய் அளவு சாப்பிட்டால் தவறில்லை. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் மட்டும் அதிலுள்ள கருப்பட்டியை நினைவில் வைக்கட்டும். என்ன சேர்த்தது என்றே தெரியாத பொடியும் கஷாயமும் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையை பிரசவத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அது பெரிய தவறு. அதற்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும். கால்சியம் மாத்திரையும் ஆறு மாதம். இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள். இரும்பு மாத்திரையை டீ, காபி, பாலோடும் சேர்க்காதீர்கள்.

வயிற்றைக் கட்டினால் இடுப்புக்கு ஆதரவாக இருக்கிறது என்றால் தளர்வாகக் கட்டிக்கொள்ளலாம். இறுக்கினால் அழுத்தம் எல்லாம் கீழே, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்புத் தளத் தசைகள் மேல் இறங்கும். கர்ப்பப்பை தானாகவே ஆறு வாரத்தில் சுருங்கிவிடும். சிசேரியன் ஆனாலும் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி நடக்க வைப்போம். வீட்டுக்குள் நடப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் அக்கா விஷயம். குழந்தை பிறந்த மூன்றாவது, நான்காவது நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு நடக்கும். ஹார்மோன்கள் சட்டென்று இறங்கும், தூக்கமும் இருக்காது. இரண்டு வாரத்துக்குள் அது தானாக அடங்கிவிடும். இரண்டு மாதம் நீடித்தது என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருந்திருக்கலாம். நோய் அது, கெட்ட தாய் என்பதற்கோ கண்ணேறுக்கோ அடையாளம் இல்லை. ஆலோசனையால் சரியாகும், தேவைப்பட்டால் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் உண்டு. அக்காவுக்கு வந்ததால் உங்களுக்கும் வந்தே தீரும் என்றில்லை. வாய்ப்பு சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். உங்கள் மருத்துவரிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, எதிலும் பிடிப்பின்மை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வராமை இருந்தால் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். செத்துப்போகலாம், குழந்தையை ஏதாவது செய்துவிடுவேன் என்று நினைப்பு ஓடினாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தனியாக இருக்கக் கூடாது.

என்னைக் கேட்டால், நீங்கள் தயார் செய்ய வேண்டிய முதல் பொருள் தூக்கம். தொட்டில், கொசுவலை, ஸ்வெட்டர் எல்லாம் எப்படியும் வந்துசேரும். ராத்திரி யார் எழுவது என்று மட்டும் எந்த வீட்டிலும் பேசுவதில்லை. பால் கொடுப்பது மட்டும்தான் உங்களைத் தவிர வேறு யாராலும் முடியாதது. ஏப்பம் விடவைப்பது, துணி மாற்றுவது, தோளில் போட்டுத் தூங்க வைப்பது எல்லாம் அம்மா செய்யலாம், கணவர் வந்திருக்கும் நாட்களில் அவர் செய்யலாம். பகலில் குழந்தை தூங்கும்போது நீங்களும் படுங்கள். அந்த நேரத்தில் பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே உட்காரவைத்துப் பேசி அனுப்பும் பொறுப்பை அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனைக்கு எல்லாப் பரிசோதனைத் தாள்களோடும் ஒருமுறையாவது போய்க் காட்டிவிடுங்கள். வலி வந்த பிறகு முதல்முறையாக அங்கே நுழைவது நல்லதல்ல. ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள், 11-க்குக் கீழே இருந்தால் சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது. ஒருக்களித்துப் படுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் கிளம்புங்கள். பிக்மி எண்ணை (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த எண்) கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள். விடுப்பையும் கணக்குப் பாருங்கள் (உங்கள் துறைதானே!). சட்டப்படி முதல் குழந்தைக்கு 26 வாரம், இப்போது எடுக்கும் ஒவ்வொரு வாரமும் பின்னால் குறையும்.

வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஆபத்துகள் சில. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைவது, எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுவது, காய்ச்சல், துர்நாற்றத்தோடு உதிரம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், விடாத தலைவலியோடு கண் மங்குவது. கடைசியாகச் சொன்னதைத்தான் தூக்கமில்லாததால் வந்த தலைவலி என்று தைலம் தேய்த்து விட்டுவிடுகிறார்கள். குழந்தை பிறந்து ஆறு வாரம் வரைகூட ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரலாம். கர்ப்பத்தில் அழுத்தம் சரியாக இருந்தவர்களுக்கும் வரும். 108-ஐ அழையுங்கள்.

குழந்தைக்குத் தடுப்பூசி என்றால் எல்லாரும் கிளம்புகிறார்கள், தாயின் பரிசோதனைக்கு யாரும் கிளம்புவதில்லை. முதல் மூன்று நாளுக்குள்ளும், ஒன்றிரண்டு வாரத்திலும், ஆறாவது வாரத்திலும் உங்களையும் பார்க்க வேண்டும். மாதவிடாய் வரவில்லை, அதனால் கரு தங்காது என்றும் நம்ப வேண்டாம். முதல் மாதவிடாய்க்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம். கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி-யை பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள் போடலாம், இல்லையென்றால் ஆறு வாரம் கழித்து. வேண்டுமா வேண்டாமா என்பதை இப்போதே கணவரோடு பேசி முடிவு செய்து, அடுத்த பரிசோதனையில் சொல்லிவிடுங்கள். இடுப்பு வலியில் படுத்திருக்கும்போது தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் யாராலும் யோசிக்க முடியாது.