கூட்டு நஞ்சையில் அண்ணன் நட்ட மனைக்கல்: தங்கைக்கு என்ன உரிமை?

கேள்வி: எங்கள் ஊர் திருவாரூர் மாவட்டம் மன்னார்குடி வட்டத்தில் உள்ளது. என் தகப்பனார் 2011-இல் உயில் எழுதாமல் இறந்தார். தாயார் 2016-இல் காலமானார். வாரிசுகள் அண்ணனும் நானும் மட்டுமே. நான்கு ஏக்கர் நஞ்சையை நான்தான் சாகுபடி செய்கிறேன். சென்னையில் இருக்கும் அண்ணனுக்கு ஆண்டுதோறும் நெல் அனுப்பிவந்தேன். பட்டா அண்ணன் பெயரில் மட்டும் மாற்றப்பட்டிருப்பது இப்போதுதான் தெரிகிறது. சம்பா அறுவடை முடிந்ததும் மனைத் தரகர் ஒருவர் சாலையோரம் உள்ள இரண்டு ஏக்கரில் சவுடு மண் கொட்டி, கல் நட்டு, கீழ் வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலையும் மூடிவிட்டார். கேட்டால், "என் பங்கைத்தான் கொடுத்தேன், ஒப்பந்தம் போட்டு முன்பணம் வாங்கிவிட்டேன்" என்கிறார் அண்ணன். எங்கள் மாவட்டம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்றே, இங்கே மனை போட முடியுமா? பட்டா இல்லாத எனக்கு உரிமை உண்டா? சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் அண்ணன் பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறேன் என்கிறான், வாங்கலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நீங்கள் பெரிதும் நம்பியிருப்பது வேளாண் மண்டலச் சட்டத்தை; அஞ்சியிருப்பது பட்டாவைக் கண்டு. இரண்டுமே தலைகீழாக இருக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டம் உங்களுக்கு இந்த வழக்கில் உதவாது. அந்தப் பட்டா உங்கள் உரிமையைப் பறிக்கவும் செய்யாது.

2020-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களையும் உள்ளடக்கியது. அந்தச் சட்டம் தடை செய்வது அதன் இரண்டாம் அட்டவணையில் பெயர் சொல்லப்பட்ட தொழில்களை மட்டுமே: துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்கும் ஆலைகள், இரும்பு ஆலைகள், தோல் பதனிடுதல், எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன் போன்றவற்றைத் தேடுவதும் எடுப்பதும் என்று அந்தப் பட்டியல் போகிறது. வீட்டுமனை அந்தப் பட்டியலில் இல்லை. டெல்டாவில் பலரும், சில வழக்கறிஞர்கள் உட்பட, இந்தச் சட்டம் வயலை வயலாகவே வைத்திருக்கும் என்று எண்ணுகிறார்கள். ஹைட்ரோகார்பன் கிணறுகளுக்கு எதிராக எழுந்த போராட்டத்தின் விளைவாக வந்த சட்டம், அந்த அச்சத்துக்கு மட்டுமே விடை சொல்கிறது. டெல்டாவின் நஞ்சை ஏக்கர் ஏக்கராகக் குறைவது எண்ணெய்க் கிணற்றால் மட்டுமன்று, மனைக்கல்லாலும்தான் என்பதைச் சட்டமன்றம் அன்றைக்குக் கணக்கில் எடுத்திருக்கலாம் என்பது என் கருத்து.

மனைப் பிரிவைத் தடுக்கும் சட்டம் வேறு. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி, உங்கள் நிலம் திட்டப் பகுதிக்குள் இருந்தால், முழுமைத் திட்டத்தில் அந்தப் புல எண்ணுக்குக் குறிக்கப்பட்டிருக்கும் நிலப் பயன்பாட்டை முறைப்படி மாற்றாமல் மனைப்பிரிவுக்கு அனுமதி கிடைக்காது. திட்டப் பகுதிக்கு வெளியே இருந்தால் பிரிவு 47-ஏ பொருந்தும். விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் இசைவு வேண்டும். இதற்கான விதிகள் 2017-இல் வந்தன. நஞ்சை என்றால் வருவாய்த் துறையிடமும் வேளாண்மைத் துறையிடமும் கருத்துக் கேட்கும் கட்டமும் உண்டு. ஆயக்கட்டு நிலம் (பாசனம் பெறும் நிலம்), பக்கத்து வயல்களுக்குப் பாயும் நீர், வடிகால் ஆகியவை அங்கேதான் பேசப்படும். மேலும், அனுமதி கேட்டு விண்ணப்பிப்பவர் நிலத்தின் உரிமையாளராக இருக்க வேண்டும். பாகம் பிரியாத நிலத்தில் இணை உரிமையாளரான உங்கள் கையொப்பம் இல்லாமல் அண்ணனால் மட்டும் அந்த விண்ணப்பத்தை நேர்மையாகக் கொடுக்க முடியாது. எனவே மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும், புல எண்ணைக் குறிப்பிட்டு, உங்கள் பாக உரிமையைச் சொல்லி, எழுத்து மூலம் ஆட்சேபனையைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அனுமதி ஏதும் கேட்கப்பட்டுள்ளதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தனியாக ஒரு மனுவும் போடுங்கள். அனுமதியின்றி வேலை நடப்பதாகத் தெரியவந்தால் அதை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் உங்கள் பக்கம் நிற்கிறது. அனுமதி பெறாமல் மனையாக மாற்றப்பட்ட நிலத்தின் கிரயப் பத்திரத்தை, அதே மனை முன்னரே மனையாகப் பதிவாகியிருந்தால் ஒழிய, சார்பதிவாளர் பதிவு செய்யக் கூடாது. 2016 அக்டோபர் 20 முதல் இந்தத் தடை நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சலுகை இன்றைக்குக் கல் நட்டவருக்குக் கிடைக்காது. ஆனால் தரகர்கள் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: மனை என்று எழுதாமல், "நஞ்சை நிலத்தில் இத்தனை சென்ட்" என்றோ, "பிரிபடாத பாகம்" என்றோ எழுதிப் பதிந்துவிடுவார்கள். அண்ணன் தன் பிரிபடாத பாகத்தை விற்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்பதால், சார்பதிவாளரிடம் கொடுக்கும் ஆட்சேபனை மனு மட்டும் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பிவிடாதீர்கள். விற்பவரின் உரிமை மூலத்தைச் சார்பதிவாளர் ஆராய வழி செய்த தமிழ்நாடு பதிவு விதி 55-ஏ(1) செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்துவிட்டது. உரிமை யாருக்கு என்று முடிவு செய்யும் இடம் உரிமையியல் நீதிமன்றம்தான்.

இனி உங்கள் உரிமை. பட்டா என்பது வரி வசூலுக்கான வருவாய்ப் பதிவு. அது உரிமையை உண்டாக்குவதும் இல்லை, அழிப்பதும் இல்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. தகப்பனார் இறந்த நொடியில் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி தாயார், அண்ணன், நீங்கள் மூவரும் முதல் வகுப்பு வாரிசுகள். அண்ணன் "இது பூர்வீகச் சொத்து, பெண்ணுக்குப் பாகம் கிடையாது" என்று வாதிடக்கூடும். 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும், அதை விளக்கிய 2020 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் மகளுக்குப் பிறப்பாலேயே மகனுக்குச் சமமான பாகம் உண்டு என்று தெளிவாக்கிவிட்டன. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையோ, பாகம் பிரித்த நீதிமன்றத் தீர்ப்பாணையோ இருந்தால் அதை மீண்டும் கிளற முடியாது. உங்கள் குடும்பத்தில் பூர்வீகமா சுயார்ஜிதமா (தகப்பனார் தாமே தேடிய சொத்தா) என்ற வழக்கு கணக்கை மாற்றவே போவதில்லை. பூர்வீகம் என்றே வைத்துக்கொண்டாலும், தகப்பனாருக்கும் பிள்ளைகள் இருவருக்கும் தலா மூன்றில் ஒரு பங்கு, தகப்பனாரின் பங்கு மூன்றாகப் பிரிந்து, தாயாரின் பகுதி பிறகு உங்கள் இருவருக்கும் வந்துசேர்ந்தால், எப்படிப் போட்டாலும் ஆளுக்குப் பாதி. அண்ணன் தரப்பு ஓர் உயிலையோ வாய்மொழிப் பாகப்பிரிவினையையோ கொண்டுவந்தால்தான் வழக்கு வேறு திசையில் போகும்; அதற்காகவே நீங்கள் நெல் அனுப்பியதற்கான லாரி ரசீது, கடிதம், வங்கிக் கணக்கு, கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன், யார் என்ன பயிர் செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல் பதிவு ஆகியவற்றை இன்றே ஒன்றுசேர்த்து வையுங்கள். ஆண்டுதோறும் பங்கு நெல் போனது என்பது நிலம் பிரிக்கப்படவில்லை என்பதற்கு நல்ல சாட்சி.

பாதி அண்ணனுடையது என்றால், சாலையோரப் பாதி அண்ணனுடையது என்று பொருள் அன்று. பிரிக்கும் வரை ஒவ்வொரு சென்டிலும் இருவருக்கும் பாகம் இருக்கிறது. சாலை முகப்பைத் தானே எடுத்துக்கொண்டு, தண்ணீர் ஏறாத கீழ் வயலைத் தங்கைக்கு விடும் உரிமை அவருக்கு இல்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி அவரிடம் வாங்குபவருக்குக் கிடைப்பதெல்லாம் அண்ணனுக்கு இருந்த கூட்டு அனுபவ உரிமையும் பாகம் கேட்கும் உரிமையும் மட்டுமே. இப்போது இருப்பது வெறும் ஒப்பந்தம். கிரயம் ஆகாத ஒப்பந்தம் நிலத்தில் எந்த உரிமையையும் தராது என்று 54-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஒப்பந்தமும் பொது அதிகார ஆவணம் ஏதேனும் இருந்தால் அதுவும் பதிவாகியுள்ளனவா என்று வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள்.

ஆகவே தாமதம் இல்லாமல் மன்னார்குடி உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு தொடருங்கள். அண்ணனோடு தரகரையும் பிரதிவாதியாகச் சேருங்கள். கூட்டு அனுபவத்தில் இருப்பவர் போடும் பாக வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் மிகக் குறைவு. அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் என்றால் பாகத்தின் சந்தை மதிப்புக்கு ஏற்பக் கட்டணம் ஏறும். இந்த ஒரு காரணத்துக்காகவே, கல் நடாத இரண்டு ஏக்கரில் குறுவைக்கோ அடுத்த சம்பாவுக்கோ சாகுபடியை விட்டுவிடாதீர்கள். வழக்கோடு இடைக்காலத் தடை மனுவும், வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமித்து நிலத்தைப் பார்வையிடச் செய்யும் மனுவும் போட வேண்டும். கொட்டிய மண்ணின் உயரம், கல் நட்ட இடம், மூடிய வாய்க்காலின் நீளம் ஆகியவற்றை ஆணையர் அளந்து வரைபடத்துடன் தரும் அறிக்கை, பத்து சாட்சிகளைவிடப் பயன்படும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது அண்ணன் விற்றாலும் சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவராவார். பட்டாவுக்கு எதிராக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும் செய்யலாம், ஆனால் அதை முதல் வேலையாக வைத்துக்கொண்டு மாதங்களைக் கழிக்க வேண்டாம்.

வாய்க்கால் தனியாகப் பார்க்க வேண்டிய சிக்கல். புலப்பட (நில அளவை வரைபட) நகலையும், ஒவ்வொரு புல எண்ணின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேட்டையும் எடுங்கள், இணையத்திலேயே கிடைக்கும். வாய்க்காலுக்குத் தனிப் புல எண் இருந்து 'வாய்க்கால் புறம்போக்கு' என்று இருந்தால் அது அரசு நிலம். அதை மூட எந்தப் பட்டாதாரருக்கும் அதிகாரம் கிடையாது. வட்டாட்சியரிடமும் நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளரிடமும் மனு கொடுங்கள். 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி வட்டாட்சியர் அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம். பொது வாய்க்கால் அடைபட்டால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் கோட்டாட்சியரே நிர்வாக நடுவராக இருந்து இடையூறை நீக்க உத்தரவிடவும் முடியும். தண்ணீர் பாயாமல் தவிக்கும் அண்டை வயல்காரர்களும் சேர்ந்து கையொப்பமிட்டால் மனு வேகமாக நகரும் என்பது நடைமுறை உண்மை.

வாய்க்கால் உங்கள் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுவது என்றால் சட்டம் சற்று நுணுக்கமானது. இருபது ஆண்டு தடையின்றிப் பயன்படுத்தியதால் வரும் வசதியுரிமை பிறர் நிலத்தின் மீது மட்டுமே எழும். தன் சொந்த நிலத்தின் மீது ஒருவருக்கு வசதியுரிமை கிடையாது. இன்று உங்கள் குறையை இணை உரிமையாளர் என்ற முறையில்தான் சொல்ல வேண்டும், வசதியுரிமை என்று வழக்குரையில் எழுதினால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் இறுதித் தீர்ப்பாணையில், மேல்பாகம் யாருக்குப் போனாலும், வாய்க்காலும் வடிகாலும் வண்டிப்பாதையும் இருவருக்கும் பொதுவென்று அளவுகளோடு எழுதி வாங்கியே ஆக வேண்டும். வயலுக்கு வயல் தண்ணீர் பாயும் டெல்டாவில், பாகம் சரியாகப் பிரிந்தும் வாய்க்காலைப் பற்றி ஒரு வரி எழுதாததால் நிலம் தரிசாகக் கிடக்கும் வழக்குகள் உண்டு.

மகன் வாங்குவது பற்றி. அவர் இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், வெளிநாட்டில் வசிப்பவர் என்ற நிலையில் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் விதிகளின்படி விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க முடியாது; தானமாகப் பெறவும் முடியாது. வாரிசுரிமையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஊர் திரும்பி இங்கேயே தங்க வந்துவிட்டால் தடை விலகும். "அம்மா பெயரில் வாங்கி வைப்போம், நிலம் என்னுடையது" என்று அவர் சொன்னால் அதற்கு இணங்காதீர்கள். பினாமித் தடைச் சட்டத்தில் தாய் பெயரில் வாங்குவதற்கு உள்ள விலக்கு, மகன் பெயரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இருந்தால்தான் பொருந்தும், அவர் பெயரையோ சேர்க்க முடியாது. மாறாக, அவர் வங்கி வழியாக உங்களுக்குப் பணத்தை அன்பளிப்பாகத் தந்து, நீங்கள் உங்களுக்காகவே, உங்கள் சொந்த நிலமாக வாங்கினால் அதில் குற்றமில்லை. நெருங்கிய உறவினர் தரும் அன்பளிப்புக்கு வருமான வரியும் கிடையாது.

வாங்குவதற்கு உங்களுக்கு இன்னொரு வலுவான பிடி இருக்கிறது; இதைப் பலரும் பயன்படுத்துவதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி, உயிலின்றி வந்த சொத்தில் ஒரு முதல் வகுப்பு வாரிசு தன் பாகத்தை விற்க முற்பட்டால், அதை வாங்கும் முன்னுரிமை மற்ற வாரிசுக்கு உண்டு. விலையில் ஒத்துப்போகாவிட்டால் நீதிமன்றமே விலையை முடிவு செய்யும். விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்த்துவைத்துள்ளது. எனவே வழக்குக்கு முன்பே அண்ணனுக்கும் தரகருக்கும் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள்: பாகம் பிரியவில்லை, மண்ணை அகற்றி வாய்க்காலைத் திறக்க வேண்டும், பாகத்தை விற்பதானால் வாங்க நான் தயார் என்று மூன்றையும் ஒரே அறிவிப்பில் சொல்லுங்கள். தரகர் கொடுத்த முன்பணத்தைத் திருப்பித் தர வழியில்லாமல்தான் அண்ணன் பிடிவாதமாக இருக்கிறார் என்றால், அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொண்டு ஒப்பந்த ரத்துப் பத்திரத்தையும் அண்ணன் தன் பாகத்தை உங்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தையும் ஒரே நாளில் பதிவது நடக்கக்கூடியதே. குடும்பத்தினருக்கான சலுகை முத்திரைத் தீர்வை உங்கள் பத்திரத்துக்குப் பொருந்துமா என்று எழுதும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அறிவிப்புக்கு இரண்டு வாரத்துக்கு மேல் கெடு கொடுக்க வேண்டாம். இடையில் அவர்கள் சாலை போடத் தொடங்கினால் கெடு முடியும் வரை காத்திராமல் வழக்கையும் தடை மனுவையும் தாக்கல் செய்துவிடுங்கள்.