இரண்டாவது கேள்வி: வாசகர் கடிதமும் பதிலும்

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம்.

எங்களுக்குப் பாம்பன். தம்பிக்கு இந்த வருடம் நீட்டில் நல்ல மார்க் வந்து, புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் (ஏ.எஃப்.எம்.சி.) நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில், அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவன். முதல் தடவை நீட்டில் மார்க் போதாமல் ஒரு வருடம் வீட்டில் இருந்து படித்தான். அப்பாவுக்கு நாட்டுப்படகுத் தொழில், அம்மா பாசி எடுக்கிறார். லீவு நாட்களில் தம்பி மாமாவோடு சங்கு குளிக்கப் போவான். "இன்டர்வியூன்னாலே சிபாரிசுதான், நமக்கு யாரு இருக்கா" என்கிறார் அப்பா. ஒரு பயிற்சி மையத்தில் நேர்காணலுக்கென்று தனியாகப் பணம் கேட்கிறார்கள், கேள்வி பதில் புத்தகமும் தருவார்களாம். கடன் வாங்கிக் கட்டலாமா? அம்மாவின் வேலையைச் சொன்னால் குறைவாக நினைப்பார்களா? ஒரு வருடம் போனதை எப்படிச் சொல்வது? அவனுக்கு ஆங்கிலம் எழுத வரும், பேசத் தயங்குவான். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். தம்பியின் காதைக் காட்டுங்கள். சங்கு குளிக்கிறவன் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மூக்கைப் பிடித்து ஊதிக் காதைச் சரிசெய்யாமல் வேகமாக இறங்கினால் செவிப்பறை கிழியும். இந்தக் கரையில் வேலை பார்த்த காலத்தில், 'ஒரு நாள் காது வலிச்சுது, லேசா ரத்தம் வந்துச்சு, அப்புறம் சரியாப் போச்சு' என்று சாதாரணமாகச் சொல்லும் ஆட்களின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் பறையில் ஓட்டை அப்படியே இருக்கும். அவர்களுக்கு அது ஒரு நோயாகவே தெரியாது. படைப் பிரிவுகளின் மருத்துவப் பரிசோதனையில் அது தேறாமல் போகக் காரணமாகும். புனேயில் நேர்காணலோடு உடல் தகுதியும் பார்க்கிறார்கள். இந்த வாரமே ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். கண்ணையும் நிறம் பிரித்தறியும் திறனையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். புனே போய் வரும்வரை அவன் கடலில் முங்க வேண்டாம்.

சரி, இப்போது நேர்காணல்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நேர்காணல் கிடையாது, நீட் மார்க்கும் கவுன்சிலிங்கும்தான். புனே கல்லூரி வேறு மாதிரி. மத்திய கவுன்சிலிங் கமிட்டியின் தளத்தில் பதிவு செய்து, அந்தக் கல்லூரியை விருப்பமாகக் குறித்தவர்களில் மார்க் வரிசைப்படி ஒரு பகுதியினரை மட்டும் நேரில் கூப்பிடுவார்கள். அங்கே ஆங்கிலப் புரிதலும் தர்க்கமும் கலந்த கணினித் தேர்வு, 40 கேள்வி, அரை மணி நேரம். அப்புறம் உளவியல் மதிப்பீடு, 50 மார்க்குக்கு நேர்காணல், உடல் பரிசோதனை. படிப்புச் செலவை அரசு ஏற்கிறது. பதிலுக்கு, படித்து முடித்தவர் படை மருத்துவப் பிரிவில் அதிகாரியாகப் பணி செய்தே ஆக வேண்டும், பத்திரம் எழுதிக் கொடுத்துத்தான் சேர்கிறார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தைத் தம்பி வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாமல் புனேக்கு ரயில் ஏறக் கூடாது. புனேயில் கூப்பிடும் அளவுக்கு மார்க் இருந்தால் இங்கேயே அரசுக் கல்லூரி கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு, ராமநாதபுரத்திலேயே 2022 முதல் ஒரு கல்லூரி நடக்கிறது, கட்டணமும் குறைவு. அப்படியிருக்க ஏன் புனே? குழுவில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கும் இது தெரியும், கேட்பார். 'நாட்டுக்குச் சேவை செய்ய' என்று எல்லாரும்தான் சொல்வார்கள். அடுத்து, 'பனி மலையில் இரண்டு வருடம் போடுவார்கள், உன் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் உடனே வர முடியாது, பரவாயில்லையா?' என்று கேட்டால்?

நேர்காணல் என்பது இந்த இரண்டாவது கேள்விதான் என்று பிள்ளைகளுக்கு ஒத்திகை நடத்தும்போதெல்லாம் சொல்கிறேன். முதல் கேள்விக்குப் புத்தகம் பதில் தரும். இரண்டாவது கேள்வி நீங்கள் சொன்ன பதிலிலிருந்து முளைக்கிறது. அதை யாரும் அச்சடித்து விற்க முடியாது. ஆகவே கடன் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் போக்குவரத்துச் செலவைப் பாருங்கள், ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்து நன்றாகத் தூங்கட்டும்.

பயிற்சிக்கு என்ன செய்வது? கமுதி, முதுகுளத்தூர் பக்கம் பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தெரிந்தவர் மூலமாக இரண்டு பேரைப் பிடித்து, தம்பியை ஒரு நாள் முழுக்க அவர்களோடு பேச விடுங்கள். மாற்றல், குடும்பம், லீவு, மேலதிகாரி, எல்லாவற்றையும் கேட்கட்டும். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத் தளம் இருக்கிறது, மண்டபத்தில் கடலோரக் காவல் படை இருக்கிறது. தினமும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும் பையனுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டாமா? அத்தனையும் கேட்ட பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால் அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது, தோன்றாவிட்டால் இங்கேயே படிக்கட்டும், அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

ஊர்ப் பெயரைச் சொன்னதும் ஊரைப் பற்றித்தான் கேட்பார்கள். பாம்பன் என்றால் பாலம். 1914இல் திறந்த பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் தூக்கிக்கொள்ளும், 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே போகும். இது யாரும் படித்துச் சொல்லக்கூடிய தகவல். பழையதை ஏன் கைவிட வேண்டி வந்தது என்று கேட்டால், உப்புக் காற்றில் இரும்பு என்ன ஆகும் என்று வீட்டுக் கதவுக் கொண்டியைப் பார்த்து வளர்ந்தவன் அவன், அதைச் சொல்லட்டும். அதே மாதிரி கச்சத்தீவு. 1974 ஒப்பந்தம், 1976இல் வந்த அடுத்த ஒப்பந்தம், இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். நம் மீனவர்கள் பிடிபடுகிற வேதனையைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். கூடவே, விசைப்படகுகளின் இழுவை மடி கடலடியை வாரிக்கொண்டு போவதால் யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்துத் தமிழ் மீனவர்களுக்கு என்ன குறை என்பதும், இலங்கை 2017இல் அதைச் சட்டம் போட்டுத் தடை செய்ததும் தெரிந்திருக்கட்டும். நாட்டுப்படகுக்காரர் மகனுக்கு விசைப்படகோடு உள்ள மனத்தாங்கல் வீட்டிலேயே தெரியுமே. இரண்டு பக்கத்தையும் கோபப்படாமல் சொல்லத் தெரிந்த பையனை எந்தக் குழுவும் கவனிக்கும்.

கலாம் பெயரை இந்தத் தீவிலிருந்து போகிற எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். சொல்வதானால், அவர் விமானப்படை விமானி ஆக ஆசைப்பட்டு டேராடூனில் நேர்காணலுக்குப் போனதும், எட்டே இடம் இருக்க ஒன்பதாவதாக வந்து கிடைக்காமல் போனதும் தெரிந்து சொல்லட்டும்.

அம்மாவின் வேலையை மறைக்கவே வேண்டாம். பெருமைப் பேச்சும் வேண்டாம், பரிதாபம் வரும்படி சொல்லவும் வேண்டாம், பார்த்ததைச் சொன்னால் போதும். விரல்களில் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி மூச்சடக்கிப் பாறையில் இருந்து பாசியைப் பிய்க்கிறார்கள், பாறை கீறிய காயம் உப்புத் தண்ணீரிலேயே ஊறி ஆறாமல் கிடக்கிறது, அதோடு மறுநாளும் போகிறார்கள். 'அந்தக் காயம் ஏன் ஆறுவதில்லை?', 'நீ அங்கே டாக்டராக இருந்தால் என்ன செய்வாய்?' என்று அடுத்து வரும். வேலைக்குப் போகாதே என்று சொல்லிப் பயனில்லை என்பது அவனுக்குத் தெரியும். பின்னே என்ன செய்யலாம்? அம்மாவிடமே உட்கார்ந்து கேட்கட்டும். ஒரு கேள்விக்காக இல்லாவிட்டாலும், டாக்டர் ஆகப் போகிற பையன் கேட்டு வைக்க வேண்டிய விஷயம் அது.

அறம் சார்ந்த கேள்வி ஒன்று நிச்சயம் எதிர்பார்க்கலாம். இங்கே ஏர்வாடியை எடுத்துக்கொள்ளுங்கள், குணமாகும் என்ற நம்பிக்கையில் மனநோயாளிகளைத் தர்காவுக்குக் கூட்டி வருகிற ஊர். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து 28 மனநோயாளிகள் இறந்தார்கள், சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2017 மனநலச் சட்டம் சங்கிலியில் கட்டுவதையே தடை செய்கிறது. நோயாளியின் குடும்பம் 'மருந்து வேண்டாம், தர்காவில் தங்குகிறோம்' என்றால் டாக்டராக என்ன செய்வாய் என்பது முதல் கேள்வி. 'அறிவியல்பூர்வமாக எடுத்துச் சொல்வேன்' என்று பயிற்சிப் புத்தகம் சொல்லும். 'சொன்னாய், அவர்கள் கேட்கவில்லை, அப்புறம்?' என்று வந்தால் புத்தகத்தில் பக்கம் முடிந்துவிடும். தொழுகையையும் விடாமல் மருந்தையும் சேர்த்துத் தரும் ஏற்பாடு ஏர்வாடி தர்காவிலேயே வந்திருக்கிறது. தம்பி ஒரு நாள் போய்ப் பார்த்து வரட்டும். யாரையும் மட்டமாக நினைக்காமல், அதே நேரம் சங்கிலிக்கு ஒருநாளும் சம்மதிக்காமல் எப்படிப் பேசுவது என்று அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே பிடிபடும்.

ஒரு வருடம் போனதற்கு இரண்டு வாக்கியம் போதும். முதல் தடவை மார்க் போதவில்லை, எந்தப் பாடத்தில் தவறியது, அதை எப்படிச் சரி செய்தேன், அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்ல வேண்டியதில்லை, திரும்ப எழுதித் தேறியவர்கள் அந்த வரிசையில் ஏராளமாக இருப்பார்கள்.

ஆங்கிலம். மூன்று வாரத்தில் சரளம் வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை. சின்ன வாக்கியம், நிதானம், புரியாவிட்டால் 'இன்னொரு தடவை கேளுங்கள்' என்று பணிவாகக் கேட்கும் தைரியம், இவை வரும். தினமும் ராத்திரி நீங்களே கேள்வி கேளுங்கள், மேலே சொன்ன ஊர் விஷயங்களை அவன் ஆங்கிலத்தில் சொல்லட்டும், செல்போனில் பதிவு செய்து மறுநாள் காலையில் அவனே கேட்கட்டும். எங்கே திக்குகிறான் என்று அவனுக்கே தெரியும். ஒவ்வொரு பதிலுக்கும் 'ஏன்?' என்று ஒரு தடவை திருப்பிக் கேளுங்கள். கணினித் தேர்வுக்கு ஆங்கில நாளிதழின் தலையங்கப் பக்கத்தைக் கடிகாரம் வைத்துப் படிப்பது நல்ல பழக்கம். உளவியல் மதிப்பீட்டுக்கு ஒன்றும் தயார் செய்ய வேண்டாம், உள்ளதை உள்ளபடி எழுதட்டும்.

அப்பாவின் பயம் வெறும் பயம் இல்லை, அவர் தலைமுறைக்கு அதற்குக் காரணம் உண்டு. இங்கேயே மருத்துவச் சேர்க்கைக்கு நேர்காணல் இருந்த காலம் ஒன்று. 1970இல் அதற்கு 75 மார்க், பாடங்களுக்கு 200. அந்த வருடச் சேர்க்கை பெரியகருப்பன் வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. 1981இல் ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி வழக்கில், ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் கேட்டுவிட்டு மூன்றில் ஒரு பங்கு மார்க் போடுவது நியாயமில்லை, 15 சதவீதத்துக்கு மேல் கூடாது, முடிந்தால் நேர்காணலை ஒலிப்பதிவு செய்யுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. அப்பாவைப் போன்றவர்களின் சந்தேகத்தை நீதிபதிகளும் மதித்தார்கள் என்று அவரிடம் சொல்லுங்கள். தம்பியை அங்கே கூப்பிட வைத்தது யாருடைய சிபாரிசும் இல்லை, அவன் நீட் மார்க். அதை நேர்காணலில் யாரும் அழித்துவிட முடியாது.

கடைசியாக ஒன்று. புனேயை நினைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக் கவுன்சிலிங்கில் பதிவு செய்யாமல் விட்டுவிடாதீர்கள். இரண்டின் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, மார்க் பட்டியல் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் தனியாக வைத்திருங்கள். காது டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். பறையில் ஏதாவது இருந்தால் அடுத்து யாரைப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

அன்புடன்.