சாக்பீஸ் ஏன் குதிக்குது? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் அரசுப் பள்ளியில ப்ளஸ் ஒன் பிசிக்ஸ் எடுக்குறேன். போன வாரம் உராய்வு நடத்திட்டு இருந்தேன், உராய்வு விசைன்னா மியூ (உராய்வுக் குணகம்) இன்டு என் (பரப்பு செங்குத்தா எதிர்த்துத் தள்ளற விசை), வழக்கமான பாடம்தான். கடைசி பெஞ்ச் பையன் ஒருத்தன் எழுந்து வந்து சாக்பீஸை போர்டுல சாய்ச்சு வச்சு முன்னால தள்ளினான், டகடகன்னு புள்ளி புள்ளியா கோடு விழுந்துச்சு. "டீச்சர், எல்லாம் ஒரே சீரா இருக்குன்னா இது ஏன் குதிக்குது?"ன்னு கேட்டான். கை நடுங்கியிருக்கும்டான்னு சமாளிச்சிட்டேன். அது பதில் இல்லைன்னு எனக்கே தெரியுது. நீங்க மெக்கானிக்கல் ஆளு, கொஞ்சம் விளக்க முடியுமா?

– ஒரு இயற்பியல் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

வணக்கம் டீச்சர்,

கை நடுக்கம் இல்ல. உங்க பையன் செஞ்சு காட்டினது 1895-ல பால் பெயின்லெவேன்னு ஒரு பிரெஞ்சு கணிதக்காரர் கிளப்பிவிட்ட பிரச்சினை. (இந்த மனுஷன் பின்னாடி ரெண்டு தடவை பிரான்ஸுக்கு பிரதமராவும் இருந்தாரு, 1908-ல வில்பர் ரைட் ஓட்டின விமானத்துல கூட உக்காந்து பறந்தாரு, அதெல்லாம் இன்னொரு நாள் பேசுவோம்.)

நம்ம பாடப்புத்தகத்துல உராய்வுன்னாலே மேசை மேல ஒரு மரக்கட்டை. எடை எம்ஜி, அதனால என்-னும் எம்ஜி, மியூவால பெருக்கு, முடிஞ்சுது. இதுல ஒரு சலுகை ஒளிஞ்சிருக்கு, யாரும் சொல்றதில்ல: என் எவ்வளவுன்னு முன்னாடியே தெரியும், உராய்வு அதைத் தொடவே தொடாது. சாக்பீஸை சாய்ச்சு, முனை முன்னாடியும் உடம்பு பின்னாடியும் இருக்கற மாதிரி தள்ளினீங்கன்னா அந்த சலுகை போச்சு. உராய்வு முனையை பின்னுக்கு இழுக்குது, அந்த இழுப்பு சாக்பீஸையே திருப்பி முனையை போர்டுக்குள்ள குத்தப் பார்க்குது, குத்தினா போர்டு எதிர்த்துத் தள்ளும், அதாவது என் கூடும், என் கூடினா உராய்வும் கூடும், உராய்வு கூடினா இன்னும் அழுத்தமா குத்தும். வட்டிக்கு வட்டி ஏறுற கணக்குதான். இதையே இழுத்துக்கிட்டு போனீங்கன்னா உராய்வோட திருப்பு விசை முனையை போர்டை விட்டு விலக்கற பக்கமா இருக்கும், அதனாலதான் நாம இழுத்து எழுதுறப்ப கோடு ஒழுங்கா விழுது.

தள்ளுறப்பவும் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, போர்டோட எதிர்ப்பு ஜெயிச்சிடும். ஆனா மியூ பெருசா இருந்து சாய்வும் தோதா அமைஞ்சா கணக்கு மாட்டிக்கும். முனை போர்டுலயே ஒட்டிப் போகணும்னா என் எவ்வளவு வேணும்னு கேட்டா, அப்படி ஒரு பாசிட்டிவ் எண்ணே இல்லைன்னு சமன்பாடு சொல்லும். வேற சில நிலைமையில ஒரே கேள்விக்கு ஒண்ணுக்கு மேல விடை வரும். நியூட்டன் விதியும் தப்பில்ல, கூலும்போட உராய்வு விதியும் (அதே மியூ இன்டு என்தான்) அந்த அளவுக்கு தப்பில்ல, ரெண்டையும் துளிகூட வளையாத ஒரு கம்பி மேல சேர்த்து வச்சாத்தான் இந்த வம்பு.

வளையாதுங்கற அனுமானம்தான் குற்றவாளின்னு நான் நினைக்கறேன். முனைக்கு கொஞ்சூண்டு ஸ்பிரிங் தன்மை குடுத்துப் பாருங்க, விடை வந்துடும்: கண்ணிமைக்கிற நேரத்துல என் எக்கச்சக்கமா ஏறி, முனை அப்படியே சிக்கி நின்னு, அமுங்கினது எல்லாம் திருப்பி உதைச்சு முனையை மேல தூக்கி எறியும். எதுவும் வந்து இடிக்கல, இருந்தும் இடிச்ச மாதிரியே ஒரு அடி. லெகோர்னுங்கற பிரெஞ்சு பொறியாளர் 1905-லயே இந்தத் திசையில யோசிச்சாரு. இப்படி திடீர் அடிகளை அனுமதிச்சா விடை கட்டாயம் உண்டுன்னு டேவிட் ஸ்டூவர்ட்ங்கற கணிதக்காரர் நிரூபிச்சது 1998-ல, அதாவது பிரச்சினை கிளம்பி 100 வருஷம் கழிச்சு!

சாக்பீஸ்ல இது மட்டும்தானான்னா, இல்ல, ஒட்டி ஒட்டி வழுக்கறதும் கூடவே நடக்கும். ஒரு பொருள் நின்ன இடத்துலயே எவ்வளவு நேரம் நிக்குதோ அவ்வளவுக்கு பிடிப்பு கூடுதுன்னு கூலும்பே அளந்து 1785-ல போட்டிருக்காரு. மியூவை மாறாத எண்ணா ஆக்கினது நம்ம வசதிக்கு. எண்ணெய்க் கிணறு தோண்டறவங்களுக்கு இது தினப்படி தலைவலி, மேல மோட்டார் ஒரே வேகத்துல சுத்திட்டு இருக்கும், கிலோமீட்டர் கணக்குல கீழ இருக்கற பிட் (பாறையைக் குடையற முனை) சிக்கி நிக்கும், நடுவுல இருக்கற குழாய் முறுக்கேறும், அப்புறம் பிட் விடுபட்டு மேல சுத்துறதைவிட பல மடங்கு வேகத்துல சுழலும்.

மோதல் பக்கமும் இதே மாதிரி வில்லங்கம் உண்டு. ஆடிட்டு இருக்கற ஒரு பொருள் பக்கத்துச் சுவரை லேசா, பட்டும் படாம உரசிட்டுப் போகுதுன்னு வைங்க. லேசான உரசல்னா விளைவும் லேசாத்தானே இருக்கணும்? இல்ல. சுவரைத் தாண்டப் பார்த்த தூரம் எவ்வளவோ அதோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரிதான் இடிக்கிற வேகம் வரும். பத்தாயிரத்துல ஒரு பங்கு தாண்டினா வேகத்துல நூத்துல ஒரு பங்கு வித்தியாசம். அதனால சீரா ஆடிட்டு இருந்தது அந்த முதல் உரசல்லயே தாறுமாறா போகலாம். ஸ்வீடன்ல ஆர்னே நோர்ட்மார்க் 1991-ல இதை அலசி எழுதினதுக்கப்புறம் இது தனி ஆராய்ச்சியாவே ஆயிடுச்சு.

கிளாஸ்ல திரும்ப செஞ்சு காட்டுறதா இருந்தா முழு சாக்பீஸா எடுத்து வால் பக்கமா தளர்வா பிடிச்சு தள்ளுங்க, உடைச்சு குட்டையா பிடிச்சா சரியா குதிக்காது. போன்ல ஸ்லோமோஷன் இருந்தா எடுத்துப் பாருங்க. போர்டை வொயிட்போர்டா மாத்திட்டாங்கன்னா ஒரு கைத்தடியை தரையில சாய்ச்சு தள்ளினாலும் தடதடக்கும்.

அந்தப் பையனுக்கு ஒரு கணக்கு குடுங்க. கம்பியோட நிலைமத் திருப்புத்திறன் (சுழற்ற எவ்வளவு கஷ்டம்ங்கற அளவு) எம்எல் ஸ்கொயர் பை 12-ன்னு நடத்தினதும், யாரும் பிடிக்காம தானா சறுக்கற சீரான கம்பிக்கு மியூ குறைஞ்சது எவ்வளவு இருந்தா இந்த வம்பு ஆரம்பிக்கும்னு கேளுங்க, ஒரு பக்கத்துல முடிஞ்சிடும், விடை 4/3, கம்பி தரையோட ஏறக்குறைய 63 டிகிரி சாய்வுல இருக்கறப்ப. இவ்வளவு பெரிய மியூ சாக்பீஸுக்கு ஏது டீச்சர்னு அடுத்து கேப்பான், கேக்கணும். கை பிடிச்சிருக்கறப்ப கணக்கே வேற, ரோபோ கை மாதிரி மூட்டு வச்ச அமைப்புல இதைவிட குறைஞ்ச மியூவுக்கே சிக்கும்னு சொல்லுங்க.